கடற்கரைப் படத்தில் கறுத்த பிள்ளை

யுத்தகாலத்தில் வெள்ளவத்தையில் எடுத்த குடும்பப் படங்களை யாராவது ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெரியவரும். கடல் வெகு திறமாக விழுந்திருக்கும். அலை, நுரை, தூரத்தில் ஒரு கப்பல், மேலே மஞ்சளும் சிவப்புமாக மேகம், ஒன்றுக்கும் குறைவில்லை. நடுவில் நிற்கும் மனிதர்கள் மட்டும் அடுப்புக்கரியால் கீறி விட்டதுபோல நிற்பார்கள். கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருந்த சொந்தக்காரர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் நிற்பது மூத்தவளா இளையவளா என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சனத்தைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் எல்லாருக்கும் வேலை. மதிய வெயிலில் பெண்பிள்ளையை வெளியே விட எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள், கறுத்துப்போய்விடும் என்ற பயம். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவது. அந்த நேரம் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஆட்களைத் தரைப் பக்கம் நிறுத்தி எடுக்கலாம்தானே என்றால், தரைப் பக்கத்தில் தண்டவாளமும், அதற்குப் பக்கத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரணும் இருந்தன. கமராவை அந்தப் பக்கம் திருப்பினால் விசில் கேட்கும். தமிழ்ச் சனம் கையில் கமராவோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்த நாட்களில் என்னென்ன கேள்வி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே வெள்ளவத்தைத் தமிழர் எல்லோரும் கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்று சிரித்தார்கள்.

சரோஜினிதேவியும் அப்படித்தான் எடுத்தாள். அளவெட்டியிலிருந்து வந்து, கடற்கரை ஒழுங்கை ஒன்றில் பஹ்மியாவின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவள் அவள். காலி வீதியில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் காலையும் பின்னேரமும் இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். புருசன் இரத்தினசிங்கம் சுவிசில். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது மரக்கறி வெட்டும் மேசைக்கு உயர்ந்திருந்தான். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. முடியும்வரை அவனால் இங்கே வரவும் முடியாது, இவர்களை அங்கே கூப்பிடவும் முடியாது. அவன் விமானம் ஏறும்போது மகள் நிருஜா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் பெரியபிள்ளையாகி, தை மாதத்தில் பூப்புச் சடங்கான சாமத்திய வீடு வைக்க நாளும் பார்த்தாயிற்று.

அந்தச் சாமத்திய வீட்டுக்கென்றுதான் இரத்தினசிங்கம் ஊருக்கு வந்த ஒருவரிடம் கமரா கொடுத்தனுப்பினான். நல்ல கமரா. தானே வெளிச்சம் பார்க்கும், தானே எல்லாம் செய்யும், நீ அமத்தினால் போதும் என்று சொல்லியிருந்தான். ஸ்ரூடியோக்காரர் எடுப்பது எல்லாம் பவுடர் முகம், வீட்டுக்குள் நின்று பார்ப்பதுபோல என் பிள்ளையைப் பார்க்கவேண்டும், நீயே எடு என்பது அவன் ஆசை. சரோ பழகிப் பார்க்க ஒரு பிலிம் றோலைக் கடற்கரையில் முடித்து, கழுவி அனுப்பினாள். படம் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பஹ்மியா வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான். வெளிநாட்டிலிருந்து கதைப்பவர்கள் தூரத்தை நினைத்துக் கத்துவார்கள். பஹ்மியாவின் விறாந்தையில் இருந்தவர்களுக்கெல்லாம் அவன் குரல் கேட்டது.

"படம் கிடைச்சுது சரோ. கடல் நல்ல வடிவாய்க் கிடக்கு." பிறகு கேட்டான். "பிள்ளைக்கு ஏதும் வருத்தமே?"

"ஒரு வருத்தமும் இல்லையே. ஏனப்பா?"

"முகம் அப்பிடியே கறுத்துப்போய்க் கிடக்கு. கண், மூக்கு ஒண்டும் தெரியேல்லை. எனக்கு நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது. ஒழுங்காச் சாப்பிடுறவளோ? ரத்தம் சோதிச்சுப் பாத்தனியோ? என்னட்டை ஒண்டும் ஒளிக்காதை."

"ஐயோ, நான் ஏனப்பா ஒளிக்கிறன்? பிள்ளை நல்லாய்த்தான் இருக்கிறாள். உங்கட பிள்ளை, பக்கத்திலைதான் நிக்கிறாள், கதையுங்கோவன்."

திரும்பிப் பார்த்தால் நிருஜா நிற்கவில்லை. படியேறிப் போய்விட்டாள். பஹ்மியா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மேலே கையைக் காட்டினாள்.

"புள்ள அழுதுட்டுப் போறா. ஆம்புளயளுக்குக் கதைக்கத் தெரியாது. ஒங்கட புள்ளட மொகத்துக்கு என்ன கொற ஈக்கிது?"

இந்தச் செய்தி அடுத்த ஒழுங்கையில் இருந்த ஜெகதீஸ்வரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் இரத்தினசிங்கத்தின் அக்கா, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. நல்ல மனம்தான், ஆனால் மற்றவர் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தன்னைச் சிவலை என்று நினைத்திருந்தாள். உண்மையில் மாநிறம், அதைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. கந்தோர் விட்டதும் கைப்பையோடு நேரே வந்து நிருஜாவின் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி சொன்னது சரிதான் சரோ. கடல்காத்து. உப்புக்காத்துப் பட்டால் தோல் கருகிப்போம். இனி இவளைக் கடற்கரைப் பக்கம் விடாதை. பயத்தம் மாவும் தயிரும் குழைச்சுப் பூசு. அந்த நெற்போல் விளையாட்டையும் நிப்பாட்டு."

"மச்சாள், படத்திலைதான் கறுப்பு. பிள்ளை எப்பவும்போலைதானே இருக்கிறாள்."

"படம் பொய் சொல்லுமே? சுவிஸ் கமரா!"

சரோ அன்றைக்கே பயறு வாங்கி வந்து திரித்தாள். பயத்தம் மா பூசினாள். நிருஜா பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குள் இருந்தாள், நெற்போல் குழுவிலிருந்து பெயரை வெட்டச் சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் சுடத் தொடங்கிய நாள், அரியதர மாவைக் குழைத்துக்கொண்டிருந்த தாய்க்குப் பின்னால் வந்து நின்று சொன்னாள்.

"அம்மா, சடங்கைச் செய்யுங்கோ. படம் எடுக்க வேண்டாம்."

"என்ன கதை இது? அப்பா பாக்க வேண்டாமே?"

"பாத்தால் கவலைப்படுவார். வேறை ஆற்றையேன் படத்தை அனுப்பிவிடுங்கோ, ஆர் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? என்னைக் கண்டவரே?"

சரோ சட்டியை விட்டு எழும்பினாள். மாவுக் கையோடு பிள்ளையைப் பிடிக்கப் போனாள், அவள் விலகிக்கொண்டாள். அன்று முழுக்கச் சரோவுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. மச்சாள் மேல், சுவிசில் இருந்து கத்தியவன் மேல், கடல் மேல். எல்லாவற்றையும்விட அந்தக் கமரா மேல். படம் எடுக்காமல் விட்டால் தகப்பனுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. எடுத்தால் பிள்ளை இன்னும் உடைந்துபோவாள்.

கழுவிய நெகட்டிவ்வை எடுத்துக்கொண்டு ஸஹாப்தீனின் படக் கடைக்குப் போனாள். அவர் அதை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"புள்ள கறுப்பா வந்திருக்கோ? கவலப்படாதீங்க தங்கச்சி. மெசின்ல கூட்டிவிட்டு வெள்ளையாக்கித் தாறேன்."

கூட்டிவிட்டுத்தான் தந்தார். கடல் காணாமல்போய் வெள்ளையாகிவிட்டது. பிள்ளையின் முகத்தில் கண்ணும் வரவில்லை, மூக்கும் வரவில்லை. கறுப்புப் போய்ச் சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான். ஸஹாப்தீனுக்கே அதைக் காசுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"நெகட்டிவ்லயே மொகம் விழல்ல. விழாதத நான் எங்க இருந்து எடுக்கிற?" என்றார்.

அன்று பின்னேரம் சரோ கடைக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு வெறும் தட்டோடு திரும்பினாள். காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பினால் முன்னால் கடல். தாழ்ந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணுக்குள் அடித்தது. வீடு வரும்வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தாள். குசினிக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு எங்கே, இடியப்ப உரல் எங்கே என்று தடவினாள். நாளாந்தம் நடப்பதுதான். சுவரில் கையை வைத்துக்கொண்டு கண் திரும்ப வரும்வரை நின்றாள். மெல்ல மெல்ல பானை தெரிந்தது, அரிதட்டு தெரிந்தது, மூலையில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் தெரிந்தாள்.

"எப்பவிருந்து இதுக்குள்ளை இருக்கிறாய்?"

"நீங்கள் வரேக்கையே இருக்கிறன். உங்களுக்குத்தான் கண் தெரியேல்லை."

சரோ அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை முன்னால்தான் இருந்திருக்கிறாள். வெயிலைப் பார்த்துச் சுருங்கின கண்ணுக்கு அவள் தெரியவில்லை. கமராவுக்கும் ஒரு கண்தானே?

தட்டைப் போட்டுவிட்டு அலுமாரியிலிருந்து கமராப் பெட்டியை எடுத்தாள். கூட வந்த சின்னப் புத்தகம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி என்று மூன்று மொழியில் இருந்தது, மூன்றும் இந்த வீட்டுக்கு ஒன்றுதான். எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் ஒரு பெண் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள், முகம் முழுக்க மை. பக்கத்தில் அதே பெண், அதே ஜன்னல், முகம் பளிச்சென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறியும் கூட்டல் அடையாளமும். அதற்குக் கீழே கறுப்புப் பூனை ஒன்று சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் கழித்தல் அடையாளம் போட்டிருந்தது. கழித்த பிறகு பூனை கறுப்பாக இருந்தது. கமராவின் மேற்பக்கத்தைப் பார்த்தாள். கூட்டலும் கழித்தலும் போட்ட ஒரு பொத்தான் அங்கேயும் இருந்தது. அதைப் பற்றரிக்குரியது, தொடவேண்டாம் என்று மச்சாள் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

புத்தகத்தோடு கீழே ஓடினாள்.

"பஹ்மியா, இதைப் பாருங்கோவன். கடலிலை வெளிச்சம் கூட எண்டு கண்டால் இது தன்ர கண்ணைச் சுருக்கிப்போடுது. அப்ப கடல் சரியாய் வரும், பிள்ளை இருட்டாய்ப்போகும். இதைக் கூட்டிவிட்டால், 'நீ சுருக்கினது கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் திற' எண்டு நாங்கள் சொல்லுறமாதிரி."

"பூனைக்கு ஏன் கழிக்கிற?"

"கறுப்பைக் கண்டால் இருட்டு எண்டு நினைச்சு அளவுக்கு மிஞ்சித் திறக்குது. அதாலைதான் பூனை வெளிறிப்போச்சு. வெள்ளையைக் கண்டால் குறைக்கும், கறுப்பைக் கண்டால் கூட்டும். இதுக்கு எல்லாரும் மாநிறமாய் இருக்கவேணும்."

"அப்ப எங்கட சனத்தப் போலதான்," என்று பஹ்மியா சிரித்தாள். "கலியாணம் பேசுற நேரம் மட்டும் கூட்டித்தான் கேப்பாங்க."

செய்து பார்க்காமல் நம்பக்கூடாது என்பது சரோவின் குணம். இடியப்ப மாவுக்கு உப்புப் போட்டுப் போட்டுப் படித்த பாடம் அது. ஆனால் நிருஜா கமராவின் முன்னால் வரமாட்டாள். யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ஜெகதீஸ்வரி கைப்பையோடு படியேறி வந்தாள்.

"மச்சாள், உங்களை ஒரு படம் எடுப்பமே? கடற்கரையிலை?"

"என்னையோ? இந்தச் சீலையோடையோ?" என்று கேட்டுக்கொண்டே ஜெகதீஸ்வரி கொண்டையைச் சரிசெய்தாள். பவுடரும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

தண்டவாளம் கடந்து இறங்கும்போது காவலரணில் நின்ற பொடியன் கமராவைக் கண்டுவிட்டான். சரோவின் கையில் தேசிய அடையாள அட்டை ஆயத்தமாக இருந்தது. அவன் அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்கே, மே பெத்த கன்ன எப்பா. மூத பெத்த கன்ன," என்று சிங்களத்தில் சொன்னான். இந்தப் பக்கம் எடுக்கவேண்டாம், கடல் பக்கம் எடு என்று அர்த்தம்.

"ஹரி மல்லி," என்று தம்பி முறை வைத்துச் சம்மதம் சொன்னாள் சரோ.

மச்சாளைக் கடலுக்கு முன்னால் நிறுத்தினாள். முதல் படம் ஒன்றும் தொடாமல் எடுத்தாள். பிறகு பொத்தானை அமத்திப் பக்கத்துச் சில்லைச் சுழற்றி, சின்னக் கண்ணாடியில் கூட்டல் ஒன்று என்று வந்ததும் எடுத்தாள். பிறகு இரண்டு. மச்சாள் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"என்னத்துக்கடி உந்தப் பற்றரிப் பொத்தானைத் திருகுறாய்? பழுதாக்கிப்போட்டுத் தம்பியிட்டை என்ன சொல்லப்போறாய்?"

"சிரியுங்கோ மச்சாள்."

மிச்சப் பிலிமைப் பஹ்மியாவின் ரோசாச் சாடிகளில் முடித்து ஸஹாப்தீனிடம் கொண்டுபோனாள்.

"எல்லாத்தையும் ஒரே அளவிலை போடுங்கோ, அண்ணை. நீங்கள் ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீங்களும் கை வைச்சால் எது ஆற்றை வேலை எண்டு எனக்குத் தெரியாது."

"மெசின் தன்பாட்டுல சரிபண்ணத்தான் பாக்கும், தங்கச்சி."

"சரிபண்ண விடாதேங்கோ."

ஸஹாப்தீன் ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் சொன்னபடியே செய்தார்.

படங்கள் வந்த பின்னேரம் ஜெகதீஸ்வரியும் இருந்தாள். சரோ மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். இரண்டாவதில் மச்சாள் மச்சாளாகவே இருந்தாள், நெற்றித் திருநீறு, கன்னத்து மச்சம், மாநிறம் எல்லாம் சரி. மூன்றாவதில் கடலும் வானமும் வெள்ளையாகிவிட்டன, நடுவில் மச்சாள் மாப்பூசிய இடியப்பத் தட்டுப்போல வெளுத்து நின்றாள். முதல் படத்தை ஜெகதீஸ்வரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது ஆர்?"

"நீங்கள்தான் மச்சாள்."

"விசரே உனக்கு? இந்தக் கரிச்சட்டி நானோ?"

குசினிக் கதவடியில் ஒரு சத்தம் கேட்டது. நிருஜா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பொத்தமுடியாமல் சிரித்தாள். கிட்ட வந்து படத்தை வாங்கி, அதையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமி, நீங்கள் என்னைவிடக் கறுப்பு!"

"வாயை மூடு, மூதேவி," என்றாள் ஜெகதீஸ்வரி. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. கமராதான் பொய் சொல்லியிருக்கு, பிள்ளையிலை பிழையில்லை. இந்த மூண்டாவதிலை எனக்கு ரெண்டு கொப்பி எடு சரோ. கந்தோரிலை காட்டவேணும்."

நிருஜா அந்த மூன்று படங்களையும் அன்று கீழே கொண்டுபோய்ப் பஹ்மியாவுக்குக் காட்டினாள். அடுத்த நாள் பயத்தம் மா பூசவில்லை. நெற்போல் குழுவில் தன் இடத்தை வேறு ஒரு பிள்ளை பிடித்துவிட்டது என்று வந்து முறையிட்டாள். கோபத்தோடு முறையிட்டது சரோவுக்கு நிம்மதியாக இருந்தது.

சாமத்திய வீட்டுக்குச் சுபநேரம் பின்னேரம் விழுந்தது. பஹ்மியா கீழ்வீட்டு மண்டபத்தை ஒழித்துக் கொடுத்திருந்தாள். நிறைகுடம், குத்துவிளக்கு, பலகாரத் தட்டுகள் என்று வைக்க இடம் போதவில்லை. பிள்ளையைக் கிழக்குப் பார்த்துத்தான் இருத்தவேண்டும், அதை மாற்ற முடியாது. கிழக்குப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் மேற்கு ஜன்னல், ஜன்னல் நிறையக் கடலும் சூரியனும். இரவல் கூறைச்சீலையில் நிருஜா வந்து அமர்ந்ததும், பட்டு மினுங்கியது, முகம் இருட்டிலிருந்தது.

சரோ கமராவைத் தூக்கினாள். இதில் பிழைத்தால் திரும்ப ஒருமுறை எடுக்க இன்னொரு சாமத்திய வீடு வராது.

ஆலாத்தித் தட்டோடு நின்ற ஜெகதீஸ்வரி தோளோடு சாய்ந்து காதுக்குள் சொன்னாள். "ரெண்டிலை விடு சரோ. பிள்ளை சிவலையாய் வரட்டும். தம்பி சந்தோசப்படுவான்."

ஒரு நிமிடம் சரோவுக்கும் ஆசை வந்தது. தூரத்தில் இருப்பவனுக்கு என்ன தெரியப்போகிறது? பிள்ளை வெளுப்பாக, வடிவாகப் போகட்டுமே. கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். நிருஜா நேராகத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கழுவின புதுச் சட்டிபோல மண்ணிறமாக, தகப்பனின் நெற்றியோடு, நல்ல தெளிவான பிள்ளை. அவளை மாற்றி அனுப்ப என்ன இருக்கிறது என்று சரோவுக்கு ஆத்திரம் வந்தது.

"ஒண்டு காணும், மச்சாள்," என்று சொல்லிவிட்டு அமத்தினாள்.

படங்கள் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தபோது நிருஜாதான் எடுத்தாள். மற்றப் பக்கத்தில் இருந்து இந்தமுறை கத்தல் வரவில்லை. பக்கத்தில் நின்ற சரோவுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஏதேனும் பிழைத்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். வாங்கிக் கேட்கக் கையை நீட்டினாள். நிருஜா கொடுக்கவில்லை, காதில் இருந்ததைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள்.

"உனக்கு என்ர நெத்தி அம்மா," என்றான் இரத்தினசிங்கம். "நாடியிலை சின்னக் குழியும் இருக்கு. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது."

"ஓம் அப்பா."

"என்ர நிறம். அச்சொட்டாய் என்ர நிறம். நல்லாய்த் தெரியிறாய் பிள்ளை. ஒரு குறையும் இல்லை. அண்டைக்கு நான் விசர்க்கதை கதைச்சுப்போட்டன், மனசிலை வைச்சிராதை."

நிருஜா காலால் தரையை உரசிக்கொண்டு நின்றாள். பஹ்மியா தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்கட படமும் இருட்டுத்தான். நீங்கள் போன மாதம் பனிக்குள்ளை நிண்டு எடுத்து அனுப்பினது. பனி மட்டும்தான் தெரியுது. தொப்பியும் கோட்டும் இருக்கு, முகம் இல்லை. அம்மாவுக்கு உங்கட முகம் ஞாபகம் இருக்கும். எனக்கு இல்லையே."

சரோ சீலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு காலமும் அந்தக் கேள்வி தனக்கு வரவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அறைப் பெடியனிட்டை ஒரு கமரா இருக்கம்மா," என்றான் அவன். "என்ன செய்யவேணும், சொல்லு."

"மேலை கூட்டல் போட்ட பொத்தான் இருக்கும், பாருங்கோ. பனிக்கு முன்னாலை நிண்டால் அதை ஒண்டிலை வைக்கச் சொல்லுங்கோ. தொப்பியைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ அப்பா." பிறகு அவசரமாகச் சொன்னாள். "ரெண்டிலை வைக்கவேண்டாம். வெள்ளையாய்ப்போவியள். எனக்கு உங்களை உங்கட நிறத்திலை வேணும்."